இருபத்தெட்டாம் வளைவு

அத்தியாயம் 7

சென்ற வாரம் மெர்சி என் சட்டைப் பையிலிருந்து ஆம்புலன்ஸின் மாற்றுச் சாவியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பப் பையிலேயே போட்டாள். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒன்றும் சொல்லாமல் விட்ட முதல் விஷயம் அதுதான். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

இந்த வாரம்தான் நம் வீட்டுக்குள் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஜான்பீட்டர். சேலத்துப் பக்கத்து ஆள். கொல்லிமலையில் ஆரம்ப சுகாதார நிலையத்து ஆம்புலன்ஸ் டிரைவர். மெர்சி இங்கேயே பள்ளிக்கூட டீச்சர். மகள் வளர்மதி பிளஸ் டூ. எங்கள் குவார்ட்டர்ஸில் மழை பெய்தால் உள்ளே கொஞ்சம் குறைவாகப் பெய்யும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தாறு நாளைக்கு முன்னால், குண்டூர் நாட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த ருக்குமணி என்ற பெண்ணை நல்ல பாம்பு தீண்டிவிட்டது. எங்கள் டாக்டர் மருந்தை ஏற்றிவிட்டு, "மூச்சுக்கு மெஷின் வைக்கணும், கீழே கொண்டு போங்க" என்றார். ருக்குமணிக்கு இமை சொக்கிக்கொண்டே போனது. தூங்கவிடக் கூடாது. நான் ஒரு வழி சொன்னேன்.

"அக்கா, கொண்டை ஊசி வளைவை எண்ணிக்கிட்டே வாங்க. மேலே எழுபது, அடிவாரத்துல காரவள்ளிகிட்ட ஒண்ணு. ஒண்ணு வந்துட்டா ஆஸ்பத்திரி வந்த மாதிரிதான்."

அவள் எழுபதிலிருந்து இறக்கி எண்ணினாள். இருபத்தெட்டு வரைக்கும்.

மறுநாள் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, என் இடது தோளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் "இருபத்தேழு" என்றது.

அதற்கு மறுநாள் இருபத்தாறு. தினம் ஒன்று. நேரங்காலம் கிடையாது. சாப்பாட்டு மேசையில், முடிவெட்டும் கடையில், ஒருநாள் பூசையில் நற்கருணை வாங்கக் கையை நீட்டியபோது. நேற்று "மூணு" வந்தது. இன்றைக்கு ரெண்டு. நாளைக்கு ஒன்று.

நாளைக்குத்தான் என் மெடிக்கல் லீவும் முடிகிறது. வண்டியில் ஏறி மலை இறங்க வேண்டும். ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

தெரியாது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் நான் எதையுமே சொல்லவில்லை.

*

வியாழக்கிழமை காலை. வளர்மதி ஒரு கையில் போனும் மறு கையில் தோசையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கவுன்சலிங்ல முதல் நாள் என்ன நடக்கும்னு படிச்சுட்டேன். அவங்க புத்திமதி சொல்லமாட்டாங்களாம்."

"பின்னே எதுக்குக் கண்ணு நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க?"

"நீங்க சொல்றதைக் கேப்பாங்களாம்."

"அதுக்கு உங்கம்மா இருக்காளே."

"நான் கேட்டு நீங்க என்னைக்குப் பதில் சொல்லியிருக்கீங்க?" என்று அடுப்படியிலிருந்து வந்தது.

"அழுகை வந்தா அழலாமாம்பா. துடைக்கப் பேப்பர் வச்சிருப்பாங்களாம்."

"நான் கவர்மெண்ட் ஆளு. கர்சீப் கொண்டு போறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் எங்கள் பங்குச் சாமியார் அறிவிப்பு வாசித்தார். இனி வியாழன்தோறும் சிஸ்டர் அருள்மொழி கீழேயிருந்து செம்மேட்டுக் கன்னியர் மடத்துக்கு வருவார்; மனநல ஆலோசனைக்கென்றே படித்தவர்; எந்த மதத்தவரும் வரலாம். அவர் காகிதத்தை மடிப்பதற்குள் மெர்சி என் பேரைக் கொடுத்துவிட்டாள். அவசரமாக ரத்தம் கேட்டால்கூட எங்கள் பங்கில் அவ்வளவு சீக்கிரம் ஆள் கிடைக்காது.

நானும் சும்மா இருக்கவில்லை. கிறிஸ்தவ வேதத்துக்காரன் தன் மனசைப் பற்றிப் பேச ஒரு அறைக்குள் போகிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு முறைதான் எனக்குத் தெரியும். ஆத்தும சோதனை செய்து, பாவங்களை ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாவிக்குப் பக்கத்தில்.

"ஏனுங்க, ரெண்டு போதுமா? இன்னொண்ணு வார்க்கட்டுங்களா?"

என் கையிலிருந்த தம்ளர் தரையில் உருண்டு, கதவு வரைக்கும் போய், சுற்றிச் சுற்றி நின்றது.

மெர்சி கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் இடது தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே காலண்டர் மட்டும்தான் தொங்கியது.

"போதும்" என்றேன். அந்த ரெண்டு மெர்சியுடையது. முன்பக்கமிருந்து வந்தது. கணக்கில் சேராது.

"ஸ்கூலுக்கு லீவு சொல்லியிருக்கேன். அந்த லீவை வீணாக்கிப் போடாதீங்க" என்றாள் மெர்சி.

*

பகல் பத்தரைக்கே ரோட்டில் மேகம் இறங்கியிருந்தது. பஸ்ஸுக்குள்ளும் ஏறிக்கொண்டது, டிக்கெட் இல்லாமல். முன்சீட்டுக்காரர் கம்பளியின் முதுகுப்பக்கம் தெரிந்தது, தலை தெரியவில்லை.

"செம்மேடு ரெண்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

நான் சீட்டிலிருந்து அரை அடி எழும்பி உட்கார்ந்தேன். கண்டக்டர் மெர்சியைப் பார்த்து, "சாருக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

"மனசுங்க" என்றாள் மெர்சி. அவளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது.

எங்களுக்குப் பின்னால் சீட் காலி. ஏறும்போதே பார்த்துவைத்திருந்தேன். மிளகுத் தோட்டம் தாண்டிய திருப்பத்தில் அந்த சீட்டின் ரெக்சின் மெல்ல அமுங்கும் சத்தம் கேட்டது, கனமில்லாத ஒருவர் ஓரமாக உட்கார்ந்தால் கேட்குமே, அப்படி. நான் திரும்பவில்லை. திரும்பினால் காலியாகத்தான் இருக்கும். காலியாக இருப்பதைப் பார்ப்பதுதான் பயமாக இருந்தது.

செம்மேடு வரைக்கும் அந்தக் குரல் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் காத்திருந்தது, நானும் காத்திருந்தேன்.

*

மடத்துக்குப் பின்னால், முன்பு தையல் வகுப்பு நடந்த அறை. பழைய தையல் மெஷின்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் முக்காடு போட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நடுவில் ஒரு சின்ன மேசை. சிஸ்டருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒன்று. எனக்குப் பின்னால், இடதுபக்கம், இன்னொன்று.

சிஸ்டர் அருள்மொழிக்கு ஐம்பது வயசிருக்கும். கனத்த கண்ணாடி. ஒரு படிவத்தைத் தள்ளினார். பெயர், வயது, தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்வது. கீழே பொடி எழுத்தில் ஏதேதோ நிபந்தனை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மெர்சியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் என் முழங்கால் மடங்கிவிட்டது. சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, "என்னை ஆசீர்வதியுங்க. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி மூணு மாசம் ஆகுது" என்று ஆரம்பித்துவிட்டேன்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தைச் சாமியாரிடம்தான் செய்யலாம், சிஸ்டரிடம் முடியாது என்று எனக்குத் தெரியும். முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் முழங்காலுக்குத் தெரியவில்லை.

"ஜான்பீட்டர், எந்திரிச்சு நாற்காலியில உக்காருங்க. தரை சில்லுனு இருக்கும்" என்றார் அவர். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஜெபம் சொல்லி ஆரம்பிக்கலாமா, வேண்டாமா? உங்க இஷ்டம்."

"வேண்டாம்னா தப்பா எடுத்துக்குவீங்களா?"

"மாட்டேன்."

"அப்போ வேண்டாம் சிஸ்டர். அவருக்கும் எனக்கும் கொஞ்ச நாளா பேச்சுவார்த்தை இல்லை."

"சரி. அவர் வெளியே உக்காந்திருக்கட்டும். அவருக்குக் காத்திருந்து பழக்கம்தான்."

தாளை எடுத்துப் படித்தேன். மூன்று ஞாயிறு பூசைக்குப் போகாதது. மலைப்பாதையில் வழி விடாத லாரிக்காரர்களை ஏசியது, கணக்கில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் மட்டன் தின்றுவிட்டு மீல்மேக்கர் என்று மெர்சியிடம் சொன்னது. லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தெரியும், காட்டக் கூடாத மூட்டையை அடியில் போட்டுச் சில்லறை மூட்டைகளை மேலே அடுக்க வேண்டும்.

சிஸ்டர் கடைசி வரைக்கும் கேட்டார். எதையும் எழுதவில்லை.

"இதுல எது உங்களைத் தூங்கவிடாம பண்ணுது?"

"மட்டன்தான் சிஸ்டர். அன்னைக்குச் சரியா வேகலை."

ஜன்னல் இடுக்கு வழியாக மேகம் உள்ளே வந்து, மெஷின்கள் மேலிருந்த துணிகளின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. கடைசித் துணி அசைந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன்.

"மூணு தடவை பின்னாடி பார்த்துட்டீங்க. அந்த நாற்காலியில யாராவது உக்காந்திருக்காங்களா?"

டீக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இருபத்தாறு நாளாகக் காத்திருந்தேன் என்று அது வந்த பிறகுதான் தெரிந்தது. சொல்லிவிட்டேன். ருக்குமணி, பாம்பு, வளைவு, பல் விளக்கும்போது வந்த இருபத்தேழு, நேற்று வந்த மூணு, எல்லாம்.

"இன்னைக்கு ரெண்டு வரணும். இன்னும் வரலை."

"நாளைக்கு ஒண்ணு. அது வந்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், ஜீரோவுக்கு வளைவு கிடையாதே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நேரா கேக்கறேன். செத்துப்போயிடலாம்னு தோணுதுங்களா?"

இத்தனை நாளில் அந்த வார்த்தையை யாரும் என் முன்னால் வைத்ததில்லை. நானே வைத்ததில்லை.

"சாகணும்னு ஆசை இல்லை சிஸ்டர். ஆனா... நாளைக்கு வண்டி ஓட்டும்போது, ஏதோ ஒரு வளைவுல, பின்னாடி ஒண்ணுன்னு கேட்டுச்சுன்னா, எனக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோணாதோன்னு பயமா இருக்கு. ரோடு திரும்பும். நான் திரும்பாம நேரா போயிருவேன்."

வெளியே வந்துவிட்டது. இனி பரவாயில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது நாலு சுவரைத் தாண்டாது, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் சொன்னார்:

"இதை நான் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லணும், ஜான்பீட்டர். நீங்களே சொன்னா இன்னும் நல்லது. நான் பக்கத்துல இருக்கேன்."

"எப்படிச் சொல்லலாம்?" நான் எழுந்துவிட்டேன். "இங்க சொன்னது இங்கயே இருக்கணுமில்ல? சாமியார் கழுத்தைச் சீவினாலும் வாயைத் திறக்கமாட்டார்!"

"அவர் திறக்கக் கூடாது. ஆனா இது பாவசங்கீர்த்தனம் இல்லை, நான் சாமியாரும் இல்லை. உங்க மட்டன் கதையை நான் சாகிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஒரு உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லியே தீரணும். அது நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு. படிச்சீங்களா?"

"கவர்மெண்ட் ஆளு சிஸ்டர். படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை."

"அப்போ தப்பு என் மேலயும்தான். வாசிச்சுக் காட்டியிருக்கணும்."

நான் கதவுக்குப் போனேன். மெர்சியைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவதென்று தாழ்ப்பாளை இழுத்து அரைக் கதவு திறந்தேன்.

மெர்சி வராண்டாவில் இல்லை. தூரத்தில், மேகத்துக்குள், மடத்துப் பலாமரத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். ரெண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டு நின்றாள். கோயிலில் ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அந்த மரக்கூண்டில், இருக்கும்போது அடுத்தவர் காதில் விழக் கூடாது என்று சின்ன வயசில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைப்போலவே அவளும் இதைப் பாவசங்கீர்த்தனம் என்றே நினைத்துவிட்டாள். அரை மணி நேரமாக அப்படியே நின்றிருக்கிறாள்.

இந்த மூடப் பெண்பிள்ளையை விட்டுவிட்டு நேராகப் போவதா?

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

*

"ஒரு விஷயம் எனக்குப் பிடிபடலை" என்றார் சிஸ்டர். "அன்னைக்கு வண்டியில அவங்க இருபத்தெட்டுலயே நிறுத்திட்டாங்கன்னு சொன்னீங்க. அப்போ இருபத்தேழை அவங்க குரல்ல நீங்க எப்போ கேட்டீங்க?"

அடி மூட்டை. அதைத்தான் கேட்டார்.

"கேக்கலை சிஸ்டர்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வண்டியில எனக்குப் பக்கத்து சீட்டுல அவங்க வீட்டுக்காரர் செல்லமுத்து. பின்னாடி நர்ஸ் கோகிலாவும் அந்த அக்காவும். நடுவுல சின்னக் கண்ணாடி ஜன்னல். அது வழியாத்தான் எண்ணிக்கை வந்துட்டிருந்தது. இருபத்தெட்டு குழறலா வந்துச்சு. அடுத்த வளைவுல வரலை. கண்ணாடியில கோகிலாவைப் பார்த்தேன். கை மூச்சுப் பையை அமுக்கிட்டே இருந்துச்சு, தலை மட்டும் 'இல்லை'ன்னு ஆடுச்சு."

"அப்புறம்?"

"செல்லமுத்து கேட்டார். 'டிரைவருங்க, எண்ணுறாளுங்களா?' ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இந்த மனுஷன் கதவைத் திறந்து குதிச்சுட்டா? நான் சொன்னேன், 'எண்ணுறாங்க. எனக்குக் கேக்குது. இருபத்தேழு.'"

சிஸ்டர் பேப்பர் டப்பாவைத் தள்ளினார். கர்சீப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"அவர் முகம் மலர்ந்துருச்சு சிஸ்டர். 'எண்ணுக்கணக்குல அவ கெட்டிங்க'ன்னார். அதுக்கப்புறம் எப்படி நிறுத்துறது? ஒவ்வொரு வளைவுலயும், 'இருபத்தாறுங்கிறாங்க', 'இருபத்தஞ்சுங்கிறாங்க'ன்னு நானே சொல்லிட்டு வந்தேன். பின்னாடி அந்த அம்மா செத்துக் கிடக்கு. முன்னாடி நான் அவங்க பேரால எண்ணிட்டு வாரேன். அவர் ஊர் முழுக்க இன்னைக்கும் அதைத்தான் சொல்லிட்டு இருக்காராம். கடைசி வரைக்கும் எண்ணுனா, ஆஸ்பத்திரி வாசல்லதான் உயிர் போச்சுன்னு. கேக்குதுன்னு பொய் சொன்னேன். இப்போ கேக்குது."

மெஷின்கள் எல்லாம் துணிக்குள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தன.

"எது வரைக்கும் எண்ணுனீங்க?"

"மூணு சொன்னேன். ரெண்டு சொன்னேன். ஒண்ணு சொல்ல வாய் வரலை. ஹாரனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே காரவள்ளியில இறங்கிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ரெண்டு. இன்றைய ரெண்டு. என் வாயிலிருந்து, என் குரலில் வந்துவிட்டது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. முதல்முறையாக, திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"அது பேயா, மனசா, தூக்கம் கெட்ட மூளையான்னு முதல் நாள்லயே தீர்ப்பு சொல்ற ஆள் நான் இல்லை" என்றார் சிஸ்டர். "ஒரு நாள்ல சரியாகவும் ஆகாது. நாமக்கல்ல ஒரு மனநல டாக்டர் இருக்கார், தூக்கத்துக்கும் குரலுக்கும் அவரைப் பார்க்கணும். நானே எழுதித் தாரேன். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது. அடுத்த வியாழன் மறுபடி இங்க. இடையில ஒண்ணு கேட்டா, அது எந்த நேரமா இருந்தாலும், தனியா கேக்காதீங்க. யாரையாவது எழுப்பிக் கூட உக்காரவச்சுக்குங்க."

"செல்லமுத்துகிட்ட உண்மையைச் சொல்லிடணுமா சிஸ்டர்?"

"அதை நான் சொல்லமாட்டேன்."

வளர்மதி சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

மெர்சியைக் கூப்பிட்டோம். ரெண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. காதிலிருந்து விரலை எடுத்தால்தானே. சிஸ்டரே போய்த் தொட்டு அழைத்து வந்தார். நான் சொன்னேன். ஸ்டீயரிங் விஷயத்தைச் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னேன்.

மெர்சி அழவில்லை. கையை நீட்டினாள். சாவியை வைத்தேன். மணிபர்ஸுக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போன வாரமே எடுத்திருக்கணும்" என்றாள். "கேட்டா உடைஞ்சிருவீங்களோன்னு பயந்து திரும்ப வச்சேன். புத்தி கெட்டவ." பிறகு சிஸ்டரைப் பார்த்து, "அதென்னங்க மட்டன்?" என்றாள். இடையில் எப்போதோ ஒரு விரல் நழுவியிருக்க வேண்டும்.

சிஸ்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

*

வெளியே வந்தபோது மேகம் இன்னும் அடர்ந்திருந்தது. மடத்து வாசல் கல்லில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, மடியில் ஒரு சின்னச் சாக்கு. எங்களைக் கண்டதும் எழுந்தார்.

செல்லமுத்து.

"டிரைவருங்க, கும்பிடறேனுங்க. ஊட்டுக்குப் போனேன், பாப்பா இங்கிருக்கீங்கன்னு சொல்லுச்சு. திங்கக்கிழமை முப்பதாம் நாள் காரியமுங்க. நீங்களும் டீச்சரம்மாவும் வரணும்." சாக்கை மெர்சியிடம் நீட்டினார். "சாமைங்க. அவ வெதைச்சது."

மெர்சி வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"செல்லமுத்து, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வண்டியில... இருபத்தேழுல இருந்து..."

"நீங்கதானுங்க எண்ணுனீங்க" என்றார் அவர்.

நான் மெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"காடு கரையில பக்கத்து மலைக் குரலைக் கேட்டு வளர்ந்த காதுங்க எனக்கு. ஒரு சாண் ஜன்னல்ல வர்ற குரல் நின்னு போனது தெரியாதுங்களா? இருபத்தெட்டோட அவ போயிட்டா. ஆனா நீங்க இருபத்தேழுன்னு சொல்றப்போ உங்க குரல் மாறிப்போச்சு பாருங்க. கண்ணுல தண்ணி. இந்த மனுஷன் இங்க உடைஞ்சா வண்டி எங்க போகும்? பின்னாடி நர்ஸம்மா இருக்கு, யார் பெத்த புள்ளையோ. அதான் 'எண்ணுறாளுங்களா'ன்னு ஒவ்வொரு வளைவுலயும் உங்களைப் பேசவச்சுட்டே வந்தேன். ஊர்லயும் அப்படியே சொல்லிப்போட்டேன். உங்களைப் பொய்க்காரர்னு யாரும் சொல்லிறக் கூடாதில்லீங்களா?"

அழக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. இருபத்தேழு வளைவு முழுக்க அவரை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டல்லவா நான் மலை இறங்கியிருக்கிறேன். மெர்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாங்க, ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிடலாம்" என்றாள்.

செல்லமுத்து நகரவில்லை.

"நான் கேக்க வந்தது வேறங்க." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வரைக்கும் நீங்க சொன்னீங்க. அடுத்த வளைவுல ஒண்ணுன்னு சொன்னது யாருங்க?"

"யாரும் சொல்லலை. நான் ஹாரன் அடிச்சேன்."

"ஹாரன் கேட்டுச்சு. அதுக்குள்ளார 'ஒண்ணு'ன்னும் கேட்டுச்சுங்க. நல்லா, தெளிவா. குழறலே இல்லை. நர்ஸம்மாகிட்டயும் போய்க் கேட்டுட்டேன், அவங்களும் இல்லீங்களாம்."

நாளைக்கு வரும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த எண்ணை இருபத்தாறு நாளைக்கு முன்பே யாரோ சொல்லி முடித்துவிட்டார்கள். அதை நினைத்து நிம்மதி அடைவதா, என்ன செய்வதென்று தெரியவில்லை. மெர்சியின் விரல்கள் என் முழங்கைக்கு மேலே இறுகின.

"பின்னாடி ஜன்னல்ல இருந்துங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

"இல்லீங்க டீச்சர். அதான் எனக்கு விளங்கலை. முன்னாடி இருந்து வந்துச்சு. வளைவுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முன்னாலயே போய் நின்னுக்கிட்டு, இன்னும் ஏன் வரலைன்னு கூப்பிடற மாதிரி." செல்லமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஒரு நடை என்னை ஒண்ணாம் வளைவுக்குக் கூட்டிட்டுப் போங்க டிரைவருங்க. வண்டி வேண்டாம், பஸ்ஸுலயே போலாம். அவ இன்னும் அங்கயே நிக்கறாளான்னு பார்க்கணும்."

பஸ் வரும் சத்தம் மேகத்துக்குள்ளிருந்து கேட்டது. நான் மெர்சியைப் பார்த்தேன். அவள் சாமைச் சாக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சாவி இருந்த மணிபர்ஸை ஒரு கையால் பொத்திக்கொண்டாள்.

"அப்போ நாளைக்கு மூணு டிக்கெட்" என்றாள். "நானும் வாரேன்."